மீனுக்குப் பிண்ணாக்கு மட்டும் போதுமா?

காங்கேயம் காளையைப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊட்டி வளர்க்கும் குடியானவருக்குத் தீனியைப் பற்றிப் புதிதாய்ச் சொல்லவேண்டியது அதிகமில்லை. எந்த மாட்டுக்கு எவ்வளவு பிண்ணாக்கு, எந்தப் பருவத்தில் எவ்வளவு தவிடு என்பதெல்லாம் அவருக்குத் தலைமுறையாய் வந்த அறிவு. ஆனால் அவ்வறிவை அப்படியே மீன் குட்டைக்குக் கொண்டுபோகும்போது கணக்குத் தவறிவிடுகிறது. மூட்டை மூட்டையாய்க் கடலைப் பிண்ணாக்கு கரைகிறது. மீனோ சென்ற மாதம் இருந்த எடையிலேயே நிற்கிறது. சில வேளைகளில் ஜலம் கரும்பச்சையாய் மாறி, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தத்தளிக்கின்றன. பொழுது புலர்வதற்குள் ஒரு வருஷத்து முதல் முழுவதும் வயிறு வெளுத்து மிதக்கிறது.

இந்த நஷ்டத்திற்குக் குறை மீனிடத்திலுமில்லை, உழைப்பிலுமில்லை. தீனியில் எவ்வளவு புரதம் உள்ளது என்று பார்த்தவர்கள், அப்புரதம் எவ்வகைப்பட்டது என்று பாராததே பெரும்பாலும் காரணமாகும். அதனை விளக்கி, இந்த ஜில்லாவிலேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அக்குறையை நீக்கும் வழியையும் கீழே கூறுவோம்.

ஜில்லாவில் மீன் வளர்ப்பு

2009-ஆம் வருஷம் தனி ஜில்லாவாக ஏற்பட்ட திருப்பூர், பனியன் தொழிலுக்குப் பேர்போனது. எனினும் நகரத்தை விட்டுச் சிறிது தூரம் சென்றால் எங்கும் விவசாயமே கண்ணிற்படும். உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி, திருமூர்த்தி அணைகள் இருக்கின்றன. அமராவதி அணையில் ஜிலேபி மீன் நெடுங்காலமாய்ப் பிடிபட்டு வருகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் பாயும் ஊர்களிலும், மழையை மட்டும் நம்பிய பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டங்களிலும் குடியானவர்கள் பண்ணைக்குட்டைகள் வெட்டியிருக்கிறார்கள். தென்னைக்கும் காய்கறிக்கும் தேக்கிவைத்த ஜலத்தில் மீனையும் வளர்த்தால், ஒரே ஜலத்தில் இரண்டு பயன் என்று கருதிக் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை, ஜிலேபி முதலிய குஞ்சுகளை விடுகிறார்கள். கருத்து மிகவும் நல்லதே. அது பலிப்பதும் பலியாததும் பெரும்பாலும் தீனியைப் பொறுத்தது.

புரதம் என்பது யாது?

தேகத்தின் சதையைக் கட்டும் சத்துக்குப் புரதம் என்று பெயர். அது ஒரே பொருளன்று. மணிகள் கோத்த மாலைபோல், அமினோ அமிலங்கள் எனப்படும் சுமார் இருபது வகைச் சிறு பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆனது. மீன் தின்ற புரதம் குடலில் மறுபடியும் தனித்தனி மணிகளாய்ப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. அம்மணிகளைக் கொண்டு மீன் தன் சதையைப் புதிதாய்க் கோத்துக்கொள்கிறது.

இவ்விருபதில் சிலவற்றை மீன் தானே தன் தேகத்தில் தயாரித்துக்கொள்ளும். பத்தை மட்டும் தயாரிக்க அதனால் இயலாது. ஆர்ஜினின், ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல் அலனின், திரியோனின், டிரிப்டோபான், வாலின் என்பவையே அப்பத்து. இவை ஆகாரத்தின் மூலமாகவே வரவேண்டும். 1957-ல் அமெரிக்காவில் ஹால்வர் என்ற சாஸ்திரி, சால்மன் மீனுக்குத் தனித்தனி அமினோ அமிலங்களைக் கலந்த பரீக்ஷைத் தீனியைத் தயாரித்து, இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டினார். அதன்பின் 1970-க்கும் 1980-க்கும் இடையில் ஜப்பானில் நோசே என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் சாதாக்கெண்டைக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்று அளந்தார்கள். அவர்கள் கணக்கின்படி, தீனியிலுள்ள புரதம் 100 பங்கில் லைசின் 5.7 பங்கும், மெத்தியோனின் 3.1 பங்கும் இருக்கவேண்டும். மெத்தியோனினில் ஏறக்குறையப் பாதி வரையில் சிஸ்டின் என்ற மற்றோர் அமினோ அமிலம் ஈடுசெய்யும். நம் நாட்டிலும் கட்லா, ரோகு முதலிய கெண்டைகளைப் பற்றி மங்களூர் மீன்வளக் கல்லூரியிலும் அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலையிலும் ஆராய்ச்சிகள் நடந்தன. இக்கெண்டைகளின் தேவையும் இதை ஒட்டியே இருப்பதாகக் கண்டார்கள்.

மாட்டுக்கும் மீனுக்கும் உள்ள பேதம்

பருத்திக்கொட்டையும் கடலைப் பிண்ணாக்கும் தின்ற மாடு நன்றாய்த் தேறுகிறதே, மீன் ஏன் தேறக்கூடாது என்ற கேள்வி நியாயமானதே. மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தின்ற தீனியைக் கொண்டு அவை தமக்கு வேண்டிய அமினோ அமிலங்களையெல்லாம் தாமே செய்துகொண்டு பெருகுகின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களையே மாடு ஜீரணித்துக்கொள்கிறது. ஆகவே பிண்ணாக்கில் ஒன்று குறைந்தாலும் வயிற்றிலுள்ள தொழிற்சாலை அதைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். பருத்திக்கொட்டையிலுள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருளின் வேகத்தையும் அது தணித்துவிடும்.

மீனுக்கு இத்தகைய பெருவயிறு கிடையாது. அதிலும் கட்லா, ரோகு முதலிய கெண்டை வகைகளுக்கு இரைப்பை என்பதே இல்லை. வாய்க்குப் பின் நேரே நீண்ட குடல்தான். தீனியில் இல்லாதது மீனின் சதையிலும் சேராது. கோழியும் இவ்விஷயத்தில் மீனைப் போன்றதே. பல்லடம் பக்கத்தில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் லைசின், மெத்தியோனின் என்ற பெயர்களைத் தீவன மூட்டைகளில் கண்டிருப்பார்கள். அங்கே கோழிக்குச் சொல்லப்படும் நியாயமே இங்கே மீனுக்கும் பொருந்தும்.

குறைந்ததே அளவாகும்

பனியன் தைக்கும் இடத்தில் நூறு பனியனுக்குத் துணி வெட்டி வைத்திருந்தும், தைக்கும் நூல் அறுபத்தைந்துக்கே இருந்தால் எத்தனை பனியன் முடியும்? அறுபத்தைந்துதான். மீதித் துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் அன்றைய கணக்கில் சேராது. அமினோ அமிலங்களும் இப்படியே. பத்தில் எது மிகக் குறைவோ அதன் அளவுக்குத்தான் சதை வளரும். 1914-ல் ஆஸ்பர்ன், மெண்டல் என்ற இரு அமெரிக்கப் பண்டிதர்கள் மக்காச்சோளத்திலுள்ள ஜீயின் என்ற புரதத்தை மட்டும் எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். எலிகள் வளரவில்லை. அதில் இல்லாத டிரிப்டோபானையும் லைசினையும் சேர்த்த பிறகே அவை வளர்ந்தன.

துணிக்கும் அமினோ அமிலத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. மீந்த துணியை மடித்து நாளைக்கு வைக்கலாம். மீந்த அமினோ அமிலத்தை மீன் சேமித்துவைக்க முடியாது. அதை எரித்து உஷ்ணத்துக்கும் உழைப்புக்கும் செலவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே ஜலத்தில் விட்டுவிடுகிறது. ஆகையால் ஒவ்வாத புரதம் பணத்தை மட்டும் தின்பதில்லை. குட்டையின் ஜலத்தையும் கெடுக்கிறது. வளராத மீனும் விடியற்காலைச் சாவும் ஒரே மூட்டையிலிருந்து வருவது இவ்வாறுதான்.

நம் பிண்ணாக்குகளின் குணம்

கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 45 அளவில் உண்டு; ஆர்ஜினினும் நிரம்ப உண்டு. ஆனால் அப்புரதம் 100 பங்கில் லைசின் சுமார் 3½ பங்கும், மெத்தியோனின் 1 பங்கை ஒட்டியுமே உள்ளன. முதற்குறை லைசின், அதற்கடுத்த குறை மெத்தியோனின்.

எள்ளுப் பிண்ணாக்கு இதற்கு மாறானது. மெத்தியோனின் மூன்று பங்கை நெருங்கும். லைசினோ 2½ பங்குதான். ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு தீர்க்கும். ஆயினும் இவ்விரண்டு மட்டும் சேர்ந்தால் லைசினின் குறை தீராது.

சோயாப் பிண்ணாக்கில் லைசின் 6 பங்குக்கு மேல் உண்டு, மெத்தியோனின் குறைவு. காங்கேயம், வெள்ளகோவில் எண்ணெய் ஆலைகளில் மிகுதியாய்க் கிடைக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதமே நூற்றுக்கு 20 அளவுதான், லைசினும் குறைவு. அதைத் தவிட்டுக்குப் பதிலாகச் சிறிது சேர்க்கலாமேயன்றி, முக்கியத் தீனியாகக் கொள்ளலாகாது.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள காசிப்பால் மீனின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. செக்கில் சூடேறும்போது அது லைசினோடு பிணைந்துவிடுவதால், இருக்கும் லைசினும் மீனுக்குக் கிடைக்காமற் போகிறது. மாட்டுக்கு அமிர்தமாயிருப்பது மீனுக்கு அவ்வாறாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

எந்தப் பிண்ணாக்காயினும் பூசணம் பிடித்ததைத் தொடவே கூடாது. 1960-ஐ அடுத்து அமெரிக்க மீன் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்கு ஈரலில் கட்டிகள் கண்டு பெருத்த சேதம் உண்டாயிற்று. பூசணத்தால் அஃப்ளடாக்சின் என்ற விஷம் ஏறிய பருத்திக்கொட்டைத் தூளே அதற்குக் காரணமென்று பின்னர்த் தெரிந்தது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின்மேல், ஈரம் படாமல் அடுக்கவேண்டும்.

உடுமலைப்பேட்டையின் கூட்டுப்புழு

இந்த ஜில்லாவுக்கு மற்ற ஜில்லாக்களில் எளிதிற் கிடையாத ஒரு பொருள் உண்டு. உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு உற்பத்தி செய்வோர் அநேகர். கூட்டை வெந்நீரிலிட்டு நூலெடுத்த பின், உள்ளேயிருந்த கூட்டுப்புழு மிஞ்சுகிறது. நன்றாய் உலர்த்திய கூட்டுப்புழுவில் பாதிக்குமேல் புரதம். அப்புரதம் 100 பங்கில் லைசின் 6 முதல் 7 பங்கு வரையிலும், மெத்தியோனின் 3 பங்குக்கு மேலும் காணப்படுகின்றன. பிண்ணாக்குகளில் எவை குறையோ அவையே இதில் நிறைவாயிருக்கின்றன. ஜப்பானில் நாகானோ மாகாணத்தில் பட்டுத்தொழிலோடு கெண்டை வளர்ப்பும் ஓங்கியது, கூட்டுப்புழு தீனியாகக் கிடைத்ததனால்தான்.

ஆயினும் அதே ஜப்பானில் ஒரு பாடமும் கற்றார்கள். கூட்டுப்புழுவில் எண்ணெய் நூற்றுக்கு 25 முதல் 30 வரை உண்டு. பழசாகிச் சிக்கெடுத்த புழுவைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதை வற்றி, முள் புடைத்துத் தோன்றும் நோய் கண்டது. அதற்கு அவர்கள் செக்கோக்கே என்று பெயரிட்டார்கள். கெட்டுப்போன எண்ணெயே அதற்குக் காரணம். ஆகையால் நூலெடுத்த அன்றே புழுவை வாங்கி, வெயிலில் பரப்பி மொறுமொறுப்பாக உலர்த்தி, சில வாரங்களுக்குள் செலவழிக்கவேண்டும். நாலு கிலோ ஈரப்புழு உலர்ந்தால் ஒரு கிலோ அளவுதான் தேறும். விலை பேசும்போது இதை மறக்கக்கூடாது. எண்ணெய் எடுத்த கூட்டுப்புழுத் தூள் கிடைக்குமானால் அது இன்னும் சிலாக்கியம். மீன் பிடிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கூட்டுப்புழுவை நிறுத்திவிட்டால் மாமிசத்தில் அதன் வாடை தங்காது.

கலவைக் கணக்கு

வழக்கத்திலுள்ள தீனியையும் திருத்திய தீனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் நூறு கிலோ அளவுக்குச் சொல்லப்படுகின்றன.

முதலாவது: அரிசித் தவிடு 50 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 50 கிலோ.

இதில் மொத்தப் புரதம் சுமார் 28½ கிலோ. அப்புரதம் 100 பங்கில் லைசின் 3.7, மெத்தியோனின் 1.3. லைசின் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே இருப்பதால், 28½ கிலோவில் சதை கட்டத் தகுதியுள்ளது 18½ கிலோவுக்கு மேற்படாது. மீதிப் பத்துக் கிலோ எரிந்து அம்மோனியாவாகிறது.

இரண்டாவது: அரிசித் தவிடு 40 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 15 கிலோ, எள்ளுப் பிண்ணாக்கு 15 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 10 கிலோ, உலர்ந்த கூட்டுப்புழு 20 கிலோ.

இதில் மொத்தப் புரதம் சுமார் 32 கிலோ. 100 பங்கில் லைசின் 4.8, மெத்தியோனின் 2.3. சதை கட்டத் தகுதியுள்ள புரதம் ஏறக்குறைய 27 கிலோவாக உயர்கிறது. வீணாவது பாதியாய்க் குறைகிறது.

இவை சராசரிக் கணக்குகள். சரக்குக்குச் சரக்குச் சிறிது மாறும். ஜீரணமாகும் அளவும் வேறுபடும். ஆனால் இரண்டு கலவைக்கும் உள்ள பேதம் சரக்கின் மாறுதலைக் காட்டிலும் பெரிது. விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பாராமல், தகுதியுள்ள புரதம் கிலோவுக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பதே முறை. கூட்டுப்புழு கிடைக்காத காலத்தில் சோயாவை அதிகப்படுத்தி, எள்ளுப் பிண்ணாக்கை விடாமல் வைத்துக்கொள்ளலாம்.

மண் குட்டையும் விரிப்புக் குட்டையும்

எருவிட்ட மண் குட்டையில் மீன் நம் தீனியை மட்டும் நம்பி வாழ்வதில்லை. ஜலத்தில் தோன்றும் நுண்பூச்சிகளும், அடிவண்டலில் உள்ள புழுக்களும் உயர்ந்த புரதமுடையவை. தவிடு பிண்ணாக்கின் குறையை அவை நிரப்புகின்றன. ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் போல அளவாய் விட்ட குட்டைகளில் பழைய முறையே பலகாலம் பலித்துவந்தது இதனால்தான்.

ஆனால் இந்த ஜில்லாவின் மேட்டு நிலத்தில் ஜலம் ஊறிப்போகாதபடி பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டைகள் அநேகம். அவற்றில் வண்டலில்லை, எருவும் சாதாரணமாய் இடுவதில்லை, இயற்கை ஆகாரம் சொற்பம். அத்துடன் குஞ்சுகளையும் நெருக்கமாய் விட்டால், மீன் முழுவதும் நம் கையிலுள்ள தீனியையே நம்பியிருக்க நேரிடும். அமினோ அமிலக் குறை தன் முழு வேகத்தையும் காட்டுவது இங்கேதான். பக்கத்துத் தோட்டத்து மண் குட்டையில் பலித்த தீனி நம் விரிப்புக் குட்டையில் பலிக்கவில்லையென்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை. விரிப்புக் குட்டை வைத்திருப்போர் மேற்படி இரண்டாவது கலவையையோ, நம்பிக்கையான மிதவைத் தீவனத்தையோதான் உபயோகிக்கவேண்டும்.

கடையில் விற்கும் லைசினைக் கலக்கலாமா?

கோழித் தீவனத்துக்காக விற்கும் லைசின், மெத்தியோனின் தூள்களைப் பிண்ணாக்கில் கலந்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கோழிக்குப் பலிப்பது கெண்டைக்கு அவ்வளவு பலிப்பதில்லை. முதலாவது, தூள் ஜலத்தில் கரைந்து போய்விடும். இரண்டாவது, இரைப்பையில்லாத கெண்டையின் குடலில் தூள் உடனே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பிண்ணாக்கின் புரதம் பிரிந்து வருவதற்குள், முன்னே வந்தது எரிந்து வீணாகிறது. தையற்காரர் வருமுன் நூல் தீர்ந்துபோனதற்கு இது சமானம். ஆலைகளில் பக்குவம் செய்து குருணையாக்கிய தீவனங்களில் சேர்ப்பது வேறு. வீட்டில் கைக்கலவையில் தூவுவது வேறு. குடியானவருக்கு ஏற்றது, ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்படி பொருள்களைக் கலப்பதேயாகும்.

தீனி போடும் முறை

பிண்ணாக்குகளை முதல் நாள் இரவு ஊறவைத்து, தவிட்டுடனும் பொடித்த புழுவுடனும் பிசைந்து உருண்டைகளாக்கவேண்டும். குட்டையில் வாரி இறைக்கலாகாது. ஜலத்தில் தொங்கவிட்ட தட்டுகளிலோ, ஆந்திராவில் கொல்லேறுப் பக்கத்துக் குட்டைகளில் செய்வதுபோல் மூங்கிலில் கட்டித் தொங்கும் துளையிட்ட பைகளிலோ வைத்தால், தின்றது எவ்வளவு, மீந்தது எவ்வளவு என்று தெரியும். சிறு குஞ்சுகளுக்கு மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு 5 அளவும், வளர்ந்த மீனுக்கு 2 முதல் 3 வரையும் போதும். அதை ஒரே வேளையில் போடாமல் காலை ஒன்றும் பிற்பகல் ஒன்றுமாய்ப் பிரித்துப் போடவேண்டும். மேகம் மூடிய நாட்களிலும், மார்கழி, தை மாதக் குளிர்காலையிலும், மீன் மேலே வந்து வாய் திறக்கும் நாளிலும் தீனியைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

ஜலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-ல் முடிவுற்றும், சாயக்கழிவு தேங்கியதால் பாசனத்துக்கு உதவாமற் போனது யாவரும் அறிந்ததே. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிப்பது கட்டாயமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. ஆயினும் ஆற்றை அடுத்த கிணறுகளில் உப்பு தங்கியிருத்தல் கூடும். அப்பகுதியினர் குஞ்சு விடுமுன் ஜலத்தைச் சோதித்தறிவது அவசியம். கெட்ட ஜலத்தை எந்த நல்ல தீனியும் திருத்தாது.

முடிவு

மேலே கூறியதை நம்பி உடனே எல்லாக் குட்டையிலும் மாற்றவேண்டுவதில்லை. இரண்டு குட்டை உள்ளவர் ஒன்றில் பழைய தீனியும் மற்றொன்றில் புதுக் கலவையும் போட்டுப் பார்க்கட்டும். ஒரே குட்டையுள்ளவர், மாதந்தோறும் வலை வீசி இருபது முப்பது மீனை நிறுத்து, போட்ட தீனியையும் கூடிய எடையையும் ஒரு நோட்டில் குறித்துவரட்டும். ஒரு கிலோ மீன் கூடுவதற்கு எத்தனை கிலோ தீனி சென்றது என்ற எண் மாதத்துக்கு மாதம் இறங்கினால் கலவை சரி. ஏறினால் எங்கோ பிசகு. குஞ்சு, ஜலப் பரிசோதனை இவற்றைப் பற்றிய சந்தேகங்களுக்கு ஜில்லா மீன்வளத் துறை அதிகாரிகளை அணுகலாம்.

மாட்டின் வாயைப் பார்த்துத் தீனி வைத்துப் பழகிய குடியானவர், கண்ணுக்குத் தெரியாத மீனின் வாயையும் இவ்வாறு கணக்கினால் அறிந்துகொள்ளலாம். பிண்ணாக்கு மூட்டை குறையும். மீனின் எடை கூடும். தென்னைக்குப் பாயவேண்டிய ஜலமும் கெடாமல் இருக்கும்.